ஏற்கெனவே அங்கே இருப்பவர்

ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் என் நேரத்துக்கு நானே எஜமானன். மூன்று மணிக்கு எடுத்த முடிவு, ஐந்தரை மணிக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அப்படியே இருந்தது. இது ஒரு சாதனை. வழக்கமாக என் முடிவுகள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி வருவதில்லை.

நான் ஓர் அச்சகத்தில் மதிப்பீட்டாளர். இத்தனை பிரதி வேண்டும் என்று யாராவது வந்தால், எத்தனை தாள், எவ்வளவு மை, எத்தனை மணி நேரம் என்று சொல்வது என் வேலை. அச்சு அடிப்பதால் அதற்கு அச்சகம் என்று பெயர் என்பார்கள். அச்சமும் அகமும் சேர்ந்தால் அச்சகம் என்பது என் கட்சி. அந்த வகையில் நான் தினமும் ஒரு அச்சகத்தில் வேலையை முடித்துவிட்டு இன்னொரு அச்சகத்துக்குத் திரும்புகிறவன்.

என் மனைவி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அங்கே ஊசியால் குத்துவாள். வீட்டில் குத்திக் காட்டுவாள். அவள் குத்தினால் வலியே தெரிவதில்லை என்று நோயாளிகள் நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். என்னிடம் இதுவரை யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அச்சகத்தில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு. கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்து கரும்பலகையில் 'இறுதிநிலைச் செலவு' என்று எழுதினார். எழுதி முடிப்பதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

"ஆயிரம் பிரதி அடிச்சாச்சு. மிஷின் ஓடிக்கிட்டிருக்கு. ஆயிரத்தோராவது பிரதிக்கு என்ன செலவு?" என்று கேட்டார்.

"ஒரு தாள், ஒரு துளி மை" என்றேன்.

"அவ்வளவுதான்! முதல் பிரதிக்குத்தான் பாடு. அடுத்ததுக்கு ஆகிற கூடுதல் செலவு எவ்வளவுன்னு மட்டும் பாருங்க. இது அச்சுக்கு மட்டும் இல்ல, உங்க நேரத்துக்கும் பொருந்தும்" என்றார் அவர்.

மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் விழித்துக்கொண்டேன். அவள் அடுப்படிக்குப் போவது முதல் பிரதி. போனவள் அப்படியே எனக்கு ஒரு டீ போடுவது ஆயிரத்தோராவது பிரதி. அதற்கு என்ன செலவு? அரை நிமிஷம். அதே டீக்காக நான் சோபாவிலிருந்து எழுந்து, செருப்பைத் தேடி, டீத்தூளைத் தேடி, அதையும் அவளிடமே கேட்டு... குறைந்தது பதினைந்து நிமிஷம். ஆக, என் வேலைகளை அவள் செய்வதுதான் குடும்பத்துக்கே லாபம். இத்தனை வருஷமாக இதை நான் சோம்பேறித்தனம் என்று தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்சமாகும் நேரத்துக்கும் ஒரு உபயோகம் வைத்திருந்தேன். எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்துப் பொது அறையில் கேரம் போட்டி வருஷாவருஷம் நடக்கும். ஏழு வருஷமாக அரையிறுதியில் தோற்கிறேன். இந்த வருஷப் போட்டிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. தினமும் ஆறிலிருந்து எட்டு வரை பயிற்சி கிடைத்தால் கோப்பை என் கையில்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

"இன்னிக்கு ஒரு பெரிய விஷயம் கத்துக்கிட்டேன். இறுதிநிலைச் செலவு."

"இறுதிச் செலவா? யாருக்குங்க? உங்க பெரியப்பா நல்லாத்தானே இருந்தாரு?"

"ஐயோ, அது இல்ல! ஒரு வேலை செய்யற. அதோட கூட இன்னொண்ணு செஞ்சா எவ்வளவு கூடுதலா ஆகும்? அதுதான் இறுதிநிலைச் செலவு."

"அதுவா? ஊசி குத்தியாச்சு. ஒரு டியூப் ரத்தம் எடுக்கற இடத்துல ரெண்டு டியூப் எடுத்தா என்னங்கறீங்க. குத்தறதுதான் பாடு. டியூப் மாத்தறதுக்கு எவ்வளவு நேரம்?"

கழுத்துப்பட்டைக்காரர் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டதை இவள் இரண்டு டியூப்பில் முடித்துவிட்டாள். நான் அசரவில்லை. பையிலிருந்து அட்டவணையை எடுத்தேன். அச்சகத்திலேயே எழுத்துக் கோர்த்து, நல்ல தாளில், கட்டம் போட்டு அடித்தது. மேலே கொட்டை எழுத்தில் ஒரே ஒரு விதி: 'ஒரு வேலை நடக்கும் இடத்தில் ஏற்கெனவே இருப்பவரே அடுத்த வேலையையும் செய்வது.' கீழே காலை முதல் இரவு வரை வேலைகள். சமையலறையில் யார் இருப்பார்? துணி துவைக்குமிடத்தில் யார் இருப்பார்? மகளின் பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் யார் இருப்பார்? நான் யார் பெயரையும் போடவில்லை. நான் நாகரிகமானவன்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"'மனைவி'ன்னு போடல. 'ஏற்கெனவே இருப்பவர்'னுதான் போட்டிருக்கு."

"ஆமா. பாரபட்சம் கூடாது பாரு."

"நல்லா இருக்குங்க. அப்புறம் மாத்தக் கூடாது."

"மாத்தவே மாட்டேன்!"

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அவளும் போட்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டுப் பக்கத்தில் ஒரு பூவும் வரைந்தாள். "ஒரு காப்பிதான் இருக்கா?" என்றாள் மனைவி.

"ஐம்பது இருக்கு. மிஷின் ஓடிட்டிருந்தது. கூடுதல் பிரதிக்கு என்ன பெரிய செலவு?" என்று பெருமையாகச் சொன்னேன்.

"மிச்ச நாற்பத்தொன்பத என்ன பண்றது?"

"யாருக்காவது குடு. நாலு குடும்பம் உருப்படட்டும்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதை மொத்தமாக அச்சடித்துக்கொண்டேன்.

முதல் நான்கு நாள் சொர்க்கம். உட்கார்ந்த இடத்துக்கு டீ வந்தது. சட்டை இஸ்திரி போட்டு வந்தது. ஆறு மணிக்குக் கீழே போய் எட்டு மணிவரை கேரம் ஆடினேன். என் கூட்டாளி மூன்றாம் மாடிப் பல் டாக்டர். "என்னய்யா, வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார். "எல்லாம் ஒரு தத்துவம் டாக்டர்" என்றேன், பல் தெரியச் சிரித்து. தொழில் தோஷம், அவர் தத்துவத்தை விட்டுவிட்டுக் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம். கீழே கிளம்பிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து குரல்.

"ஏங்க, ஒரு நிமிஷம் இந்தக் கரண்டியப் பிடிங்க. சூப் அடிப்பிடிச்சிரும். போன் அடிக்குது."

ஒரு நிமிஷம்தானே? பிடித்தேன். கிண்டினேன். போன் பேச்சு முடிந்த சத்தம் கேட்டது. ஆள் வரவில்லை.

"என்னம்மா, வா! நான் போகணும்."

கூடத்திலிருந்தே பதில் வந்தது. "நீங்க ஏற்கெனவே அடுப்புகிட்டதானே இருக்கீங்க? அப்படியே பக்கத்து அடுப்புல சோறு வச்சிருங்க."

"எனக்குச் சோறு வைக்கத் தெரியாதே!"

"நான் இங்கிருந்து சொல்றேன். ஏற்கெனவே பேசிக்கிட்டுதானே இருக்கேன்? கூட நாலு வார்த்தை பேசறதுக்கு எனக்கு என்ன செலவு?"

சோறு வைத்தேன். சோறு வைத்தவன் காய் நறுக்கினேன். நறுக்கியவன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றதால் பாத்திரம் கழுவினேன். அப்போது மணி எட்டேகால். கேரம் போர்டில் காய் நகர்த்தக் கனவு கண்டவன், பலகையில் காய் நறுக்கி எழுந்தேன்.

மறுநாள் உஷாரானேன். அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. நேராகக் குளியலறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டேன். கதவு தட்டப்பட்டது.

"குளிக்கப் போறீங்களா?"

"ஆமா!"

"எப்படியும் நனையத்தான் போறீங்க. அந்த மூலையில பிரஷ் இருக்கு பாருங்க. தரையத் தேய்ச்சிட்டுக் குளிங்க."

புதன்கிழமை எங்குமே போகவில்லை. எந்த வேலையும் நடக்காத இடம் எது என்று வீடு முழுக்க ஆராய்ந்து, சோபாவின் நட்டநடுவில் அசையாமல் உட்கார்ந்தேன். அசைந்தால்தானே அடுத்த வேலை?

அவள் வந்தாள். மடியில் ஒரு முறம் பட்டாணியை வைத்தாள்.

"என்ன இது?"

"ஏற்கெனவே உட்கார்ந்துதானே இருக்கீங்க?"

மகளுக்கும் விதி பிடித்துப்போய்விட்டது. பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, உங்க கைதானே வேலை செய்யுது? வாய் சும்மாதானே இருக்கு? எனக்கு வரலாறு சொல்லிக்குடுங்க."

இதற்கிடையில் இன்னொன்று. வாரத்தில் மூன்று நாள் மனைவி வேலையிலிருந்து ஐந்தரைக்கு வருவதற்குப் பதில் எட்டு மணிக்கு வந்தாள். போன் போட்டுக் கேட்டேன்.

"எங்கம்மா இருக்க?"

"ஏற்கெனவே வெளியிலதானே இருக்கேன்? இன்னொரு வேலையையும் முடிச்சிட்டு வந்துடறேன். திரும்ப வீட்டுக்கு வந்து திரும்பப் போனா எவ்வளவு நேரம் வீண்?"

"என்ன வேலை?"

"அடுப்புல என்ன வச்சிருக்கீங்க?"

"சோறு."

"கருகற வாசனை இங்க வருது."

போனைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் கேட்ட கேள்வி எனக்கே மறந்துவிட்டது.

இரண்டாவது வாரக் கடைசியில் என் பொறுமை போய்விட்டது. கழுத்துப்பட்டைக்காரரின் வகுப்புக் குறிப்பை எடுத்துப் புரட்டினேன். கிடைத்தது! நான் கவனிக்காமல் விட்ட பக்கம். ஒரு அளவுக்கு மேல் போனால் அடுத்த ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும். மிஷின் சூடேறும், தாள் சிக்கும், ஆள் தளர்வான். சட்டம் என் பக்கம்! ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றேன்.

"இந்த அட்டவணையில ஒரு பிழை இருக்கு."

"சொல்லுங்க. நிக்கறவர் அப்படியே அந்தப் போர்வையோட ஒரு முனையப் பிடிங்க."

பிடித்துக்கொண்டே வாதாடினேன். "முதல் வேலை சுலபம். ரெண்டாவதுகூட பரவாயில்ல. ஏழாவது வேலைக்கு முதுகு ஒடியுது. எட்டாவதுக்குக் கண்ணு இருட்டுது. 'இன்னொண்ணுதானே, இன்னொண்ணுதானே'ன்னு ஏத்திக்கிட்டே போக முடியாது. ஒவ்வொரு இன்னொண்ணுக்கும் விலை ஏறுது. தெரியுமா உனக்கு?"

அவள் போர்வையின் மறுமுனையை என் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

"தெரியுமே. மூணு டியூப் எடுத்தா ஆள் எழுந்து நடந்து போவான். முப்பது எடுத்தா படுத்துருவான். எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சாத்தான் எங்க வேலையில சேர்த்துக்குவாங்க."

"அப்ப நிறுத்து!"

"நீங்க இப்ப அஞ்சாவது டியூப்ல இருக்கீங்க." அடுத்த போர்வையை உதறினாள். "கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆச்சு. நான் எத்தனாவது டியூப்ல இருக்கேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் தெரியும். போர்வை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று மொத்தம் ஆறு போர்வை, பதினொரு துண்டு மடித்தோம். யாரும் சொல்லாமலேயே நான் மடித்தேன். இதை வெளியில் சொல்ல வேண்டாம்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எப்படியோ தப்பித்துக் கீழே ஓடினேன். பொது அறை இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டேன். கேரம் போர்டு சுவரில் சாய்ந்திருந்தது. ஆள் அரவமே இல்லை. வெளியே வந்தால் படிக்கட்டில் பல் டாக்டர், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டர்! ஆட வரலையா? எல்லாரும் எங்க?"

அவர் பைகளைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். நல்ல தாள். கட்டம் போட்டது. கொட்டை எழுத்தில் ஒரே ஒரு விதி.

"இது என் வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்தது. நாலாம் மாடியிலயும் ஒட்டியிருக்கு. எல்லா வீட்டுலயும் ஒட்டியிருக்கு. எந்தப் படுபாவி அச்சடிச்சான்னுதான் தெரியல."

"யாரா இருக்கும்!" என்றேன்.

"ஒரு பேஷண்ட் வாய்க்குள்ள கைய விட்டிருக்கேன்யா. போன் வருது. 'ஏற்கெனவே நின்னுக்கிட்டுதானே இருக்கீங்க, நின்ன வாக்குல காய் வாங்கிட்டு வந்துடுங்க'ங்கறா. பேஷண்ட் வாயத் திறந்தபடியே தலையாட்டறான். அவன் வீட்டுலயும் இதுதானாம்!"

"பாவம்."

"அந்த ஆள் மட்டும் என் நாற்காலியில வந்து உட்காரட்டும்" என்றார் டாக்டர், தாளைக் கசக்கியபடி. "மரத்துப்போற ஊசியே போட மாட்டேன்."

அன்றிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறேன். எனக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருக்கிறது. அதை வேறு ஊரில்தான் காட்ட வேண்டும்.

போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இன்னொருவர் நான். போட்டி ரத்து என்று பலகையில் எழுதிப் போட்டு, கோப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அந்த வருஷம் எனக்குக் கிடைத்த கோப்பைகள் எல்லாம் தொட்டியில் கிடந்தன. கழுவிக் கவிழ்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் மனைவி கையில் ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்தாள். என்னையும் மகளையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அந்த அட்டவணையக் கிழிச்சிரலாம்."

என் காதை நம்ப முடியவில்லை. "நிஜமாவா? மாத்தக் கூடாதுன்னு சொன்னியே?"

"மாத்தத்தான் கூடாதுன்னேன். கிழிக்கக் கூடாதுன்னா சொன்னேன்? நீங்களே கிழிங்க."

கிழித்தேன். இரண்டாக, நான்காக, எட்டாக. மகள் வரைந்த பூவைக்கூட விடவில்லை. இந்த ஆறு வாரத்தில் நான் செய்த எந்த வேலையும் இவ்வளவு இனிக்கவில்லை. ஒரு இனிப்பை எடுத்து வாயில் போட்டேன்.

"எதுக்கு இனிப்பு? அட்டவணை செத்ததுக்கா?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரி முத்திரை. பரிசோதனைக்கூட மேற்பார்வையாளர் தேர்வில் முதலாவதாகத் தேறியிருந்தாள். வாரம் மூன்று நாள், ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, ஐந்து வார வகுப்பு. அதன் முடிவில் பரீட்சை.

இனிப்பை அவசரமாக விழுங்கினேன். "இதுக்குத்தான் லேட்டா வந்தியா?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"போன வருஷம் சொன்னேனே. 'இதுக்கெல்லாம் உனக்கு நேரம் ஏது'ன்னு கேட்டீங்க. அப்படியே விட்டுட்டேன். இந்தத் தடவை நேரத்த எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு நீங்களே அச்சடிச்சுக் கொண்டுவந்து குடுத்தீங்க."

கடிதத்தை மறுபடி படித்தேன். நாற்பத்திரண்டு பேர் எழுதியதில் முதல் இடம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏழு வருஷமாக அரையிறுதியைத் தாண்டாத வீட்டில் ஒருவராவது ஜெயித்தார்களே. வாய்விட்டே சொன்னேன். "கெட்டிக்காரி." அவள் முகம் மலர்ந்தது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "சரி, இனிமே பழையபடி அஞ்சரைக்கு வந்துருவல்ல?" என்று கேட்டேன்.

"மேற்பார்வையாளருக்கு மதியம் ரெண்டுலேருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் வேலைங்க."

"அப்ப ராத்திரிச் சமையல்?"

"நீங்கதான்."

"அட்டவணையத்தான் கிழிச்சாச்சே!"

"அட்டவணை எதுக்குங்க? ஒண்ணுமே தெரியாத ஆளுக்குச் சமையல் கத்துக்குடுக்கறதுதான் பாடு. மூணு சட்டி கருகிச்சு, ஒரு திரைச்சீலை எரிஞ்சுது. அந்தச் செலவெல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே அடுத்தடுத்த நாள் சமைக்கறதுக்கு உங்களுக்கு என்ன ஆகப்போகுது? ஒரு மணி நேரம்."

மகள் இனிப்பை மென்றபடி தலையாட்டினாள். "நல்லாவே சமைக்கறீங்கப்பா. இப்பல்லாம் சூப்பும் சோறும் வேற வேற ருசியா இருக்கு."

நான் எழுந்து அடுப்படிப் பக்கம் போனேன். எங்கே போவது? கால் பழகிவிட்டது. பின்னாலேயே அவள் குரல் வந்தது.

"ஏங்க, சொல்ல மறந்துட்டேன். என் கூட வேலை செய்யறவங்களை நாளைக்கு மதியம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். எப்படியும் மூணு பேருக்கு அடுப்புப் பத்த வைக்கத்தானே போறீங்க?"

"எத்தனை பேர் வர்றாங்க?"

"பதினெட்டு."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கைக்கு எட்டாத கோப்பை, ஆறு வாரச் சாயங்காலங்கள், இனி வரப்போகிற சாயங்காலங்கள், நாற்பத்திரண்டு பேரில் முதலாவதாக வந்த மனைவி, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். மறுபடி வழிந்தது.

அவள் வாசற்படியில் வந்து நின்று என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு கூடை வெங்காயத்தைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"ஏற்கெனவே அழுதுக்கிட்டுதானே இருக்கீங்க? அப்படியே இதையும் நறுக்கிடுங்க."